லயத்து வாசலில் நாய் மலம்: குழியில் தொடங்கி பூச்சி மருந்துவரை, எதை எப்போது செய்வது

வாசலையும் லயத்தைச் (தோட்டத்து வரிசை வீடுகளைச்) சுற்றியும் நாய் மலம் இல்லாமல் வைத்திருப்பது பெரிய வித்தை இல்லை. வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதால்தான் பாதியில் நின்றுவிடுகிறது. சிரமதானம் என்று கூடினால் முதலில் கையில் எடுப்பது விளக்குமாறு, அடுத்தது தண்ணீர் வாளி. இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாதவை. சிலர் நேரே நாய்க்குப் பூச்சி மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் நாய் புழுவும் முட்டையுமாக வெளியே தள்ளும்போது அதைப் போட ஒரு குழிகூட இருக்காது. மருந்து நாயின் வயிற்றைச் சுத்தப்படுத்துகிறது, வாசல் முன்பைவிட மோசமாகிறது.

ஆகவே வரிசை முக்கியம்: குழி, சாமான், அள்ளுதல், மண், கை. அதற்கும் பிறகுதான் மருந்து.

1. எது எத்தனை நாளில் ஆபத்தாகிறது

அவசரமாக இருந்தால் மற்றப் பகுதிகளைப் பிறகு வாசியுங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஏன் தினமும் அள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் டொக்ஸோகாரா என்ற வட்டப்புழு. நாயின் குடலில் இருக்கும் ஒரு பெண் புழு நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டை இடும். முட்டை மலத்தோடு வெளியே வரும் நேரத்தில் அது யாருக்கும் தொற்றாது. மண்ணில் கிடந்து, உள்ளே குடம்பி (புழுவின் குஞ்சு) வளர்ந்தால்தான் தொற்றும். அதற்குப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும், குளிரில் இன்னும் தாமதிக்கும். ஆனால் வளர்ந்துவிட்டால் அந்த முட்டை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மலம் மழையில் கரைந்து, மேலே புல்லும் முளைத்து, பார்ப்பதற்குச் சுத்தமாகத் தெரிகிற இடத்தில்தான் ஆபத்து அதிகம். அந்த மண் ஒட்டிய விரலைப் பிள்ளை வாயில் வைத்தால் முட்டை குடலில் பொரியும். குடம்பி இரத்தத்தோடு ஈரல், நுரையீரல் என்று போகும், சில சமயம் கண்வரைக்கும் போகும்.

அடுத்தது கொளுக்கிப்புழு. இதன் முட்டை ஓரிரு நாளில் மண்ணிலேயே பொரிந்துவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் இருந்தால் 5 முதல் 10 நாளுக்குள் குடம்பி மனிதத் தோலைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிடும். இதற்கு வாய் வழி தேவையில்லை, வெறுங்கால் போதும். பதுளைச் சூட்டில் வேகமாகவும் நுவரெலியாக் குளிரில் மெதுவாகவும் வளரும். நாயின் கொளுக்கிப்புழுக்களில் பல மனிதத் தோலுக்குள் நெளிந்துவிட்டுச் செத்துப்போகும். ஆனால் அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற இனம் மனிதக் குடலிலேயே தங்கி இரத்தம் குடித்து வளரக்கூடியது.

மூன்றாவது பக்டீரியாக்கள்: சல்மொனெல்லா, கம்பைலோபக்டர், ஈ கோலையின் சில வகைகள். கூடவே ஜியார்டியா என்ற நுண்ணுயிர். இவை காத்திருப்பதில்லை. மலம் விழுந்த நிமிடமே தொற்றக்கூடியவை. ஈயின் காலிலும் நம் கையிலும் தண்ணீரிலும் ஏறிப் போகும். விளைவு வயிற்றோட்டம், காய்ச்சல்.

ஆகப் புதிய மலம் வயிற்றைக் கெடுக்கும், பழைய மலம் புழுவைக் கொடுக்கும். தினமும் அள்ளினால் புழு முட்டை வளர அவகாசமே கிடைக்காது. அள்ளும்போது கையைக் காப்பாற்றிக்கொண்டால் பக்டீரியாவும் வராது. “இப்போ ஈரமா இருக்குக்கா, காயட்டும், அப்புறம் அள்ளலாம்” என்று தம்பிமார் சொல்வதை எல்லாத் தோட்டத்திலும் கேட்கலாம். காய்ந்தால் நாற்றம்தான் போகும். உதிர்ந்து மண்ணோடு கலந்த மலத்தை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

இந்தக் கணக்கில் சேராதவை சில உண்டு. விசர் நோய் மலத்தால் வருவதில்லை, கடியாலும் எச்சிலாலும் வருவது. எலிக்காய்ச்சல் சிறுநீர் வழி வருவது. எலியைப் போல நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி இருக்கலாம் என்பதால் தேங்கிய சேற்றில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் டொக்ஸோபிளாஸ்மா முட்டையை மலத்தில் விடுவது பூனை, நாய் அல்ல.

2. குழியை முதலில் வெட்டுங்கள்

போட இடம் இல்லாமல் அள்ளத் தொடங்கினால் கடைசியில் எல்லாம் கானுக்குள்தான் (வடிகாலுக்குள்தான்) போகும். நம் மேட்டு நிலத்தில் கான் எங்கேயும் முடிவதில்லை. மேல் லயத்துக் கான் கீழ் லயத்து வாசலைத் தொட்டு, அங்கிருந்து ஓடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போகிறது. மேலே ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றித் “துப்புரவு” செய்யும்போது, கீழே பிள்ளைகள் அதே கானில் இலைப் படகு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

குழிக்கு இடம் பார்க்கும்போது முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஊற்று, பீலி (தண்ணீர் பிடிக்கும் குழாயடி), கிணறு எதுவானாலும் அதற்குக் கீழ்ப்பக்கமாக, குறைந்தது 100 அடி தள்ளி இருக்க வேண்டும். மேட்டில் வெட்டினால் மழைநீர் குழிக்குள் இறங்கி, மண்ணுக்குள்ளேயே கசிந்து ஊற்றில் கலந்துவிடும்.

அடுத்தது சரிவு. மண்மேட்டின் விளிம்பிலும், வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிவிட்ட இடத்துக்கு மேலேயும் குழி வேண்டாம். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்றால் அந்த ஓரம் சரியத் தொடங்கும். தோட்டக் காணி என்றால் வெளிக்கள உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மூடச் சொல்லிச் சண்டை வராது.

அளவு 2 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். தோண்டும்போது அடியில் தண்ணீர் ஊறினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். குழியைச் சுற்றி அரை அடிக்கு மண் அணை கட்டி, மேலே பழைய தகரத்தைப் போட்டு, நாய் நகர்த்த முடியாத அளவுக்குக் கல் வையுங்கள். மூடி இல்லாத குழி ஈக்கு வீடு, நாய்களுக்கும் ஒரு கிளறும் இடம்.

ஒவ்வொரு முறை போட்ட பிறகும் ஒரு கை சாம்பலோ மண்ணோ தூவுங்கள், ஈ குறையும். சுண்ணாம்பு போட்டாலும் சரி, நாற்றத்துக்கு நல்லது. ஆனால் சுண்ணாம்பு தூவியதால் புழு முட்டை செத்துவிட்டது என்று நினைத்து அந்த மண்ணைத் தோண்டிப் பாத்திக்குப் போடக் கூடாது. மேலே அரை அடி மிஞ்சும்போது மண் போட்டு மூடி, அடையாளத்துக்கு ஒரு கல் நட்டுவிட்டு, வேறு இடத்தில் வெட்டுங்கள். மூடிய இடத்தில் மரக்கறி நடாதீர்கள். செவ்வந்தி, டேலியா என்று எதையாவது வையுங்கள்.

குழி வெட்ட இடமே இல்லாத வீட்டில் மலசலகூடக் குழியில் போடலாம். பையோடு போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். நகரசபை வண்டி வரும் இடங்களில் உக்கும் குப்பையோடு சேர்க்க வேண்டாம், அது கூட்டுப்பசளையாகிறது. வீட்டுக் கூட்டுப்பசளைக் குவியலிலும் இதே தடைதான். நாம் குவிக்கும் சிறிய குவியல் புழு முட்டையைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது.

3. சாமான்கள்

விளக்குமாற்றை ஒதுக்கி வையுங்கள். ஈர்க்கு ஒவ்வொன்றும் மலத்தை மெல்லிய படலமாகத் தேய்த்து நாலு அடி தூரத்துக்குப் பரப்பிவிடும், நுனியில் ஒட்டியது அடுத்த வாசலுக்கும் போகும்.

வெறுமையான 5 லீற்றர் எண்ணெய்க் கேன் ஒன்றை அடிப்பக்கம் சரிவாக வெட்டினால் நல்ல அள்ளி கிடைக்கும், கைப்பிடியும் இருக்கும். தள்ளிவிட ஒரு தகரத் துண்டு. சுமக்க மூடியுள்ள வாளி ஒன்று, அடியில் கொஞ்சம் சாம்பல். கைக்கு ரப்பர் கையுறை. அது இல்லாவிட்டால் ஓட்டை இல்லாத ஷொப்பிங் பேக் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுங்கள். காலுக்கு ரப்பர் பூட்ஸ், அல்லது மூடிய சப்பாத்து. விரல் தெரிகிற செருப்பு இந்த வேலைக்குப் போதாது.

இந்தச் சாமான்களுக்கு சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, வீட்டுக்கு வெளியே தனியாகத் தொங்கவிடுங்கள். மரக்கறிப் பாத்திக்கான மம்பட்டியை இதற்கு எடுத்துவிட்டு, கழுவாமல் மறுநாள் கரட் பாத்தியில் போடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

4. யார் போக வேண்டும், எந்த நேரம், எங்கிருந்து தொடங்குவது

காலில் வெடிப்போ புண்ணோ அட்டைக்கடி ஆறாமலோ இருப்பவர்களை அனுப்பாதீர்கள். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் வேண்டாம். “சின்னப் பயல்தானே, ஓடியாடி அள்ளுவான்” என்று பத்து வயதுப் பிள்ளையிடம் வாளியைக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவன் கையைக் கழுவாமல் பணிஸ் தின்னப் போவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நேரம் காலைதான். நாய்கள் பெரும்பாலும் விடியற்காலையிலும் சாப்பிட்ட பிறகும்தான் வெளிக்குப் போகும். நம் பக்கத்து இடைப்பருவ மழை பிற்பகலில்தான் இறங்கும். காலையில் அள்ளினால் மழைக்கு முந்திக்கொள்கிறீர்கள். ஒரு மழை பெய்துவிட்டால் அள்ள ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் சரிவில் இறங்கியிருக்கும். பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் கூடும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் முடியாது என்றால் வீட்டில் இருப்பவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாள் என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

தொடங்கும் இடம் பற்றி இரண்டு பேச்சு உண்டு. மேலிருந்து கீழே வருவதுதான் பொதுவான ஒழுங்கு. கீழ் லயத்தை முதலில் சுத்தம் செய்தால் அடுத்த மழையில் மேலே கிடப்பது அங்கே வந்து சேரும். ஆனால் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) வாசலையும் பீலிக்கரையையும் மட்டும் எந்த ஒழுங்குக்கும் முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தவழும் பிள்ளையும் குடிக்கும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன.

5. அள்ளும் முறை

முதல் நாள் அள்ளுவதற்கு முன் ஒருமுறை சும்மா நடந்து பாருங்கள். நாய்க்கும் பழக்கமான இடங்கள் உண்டு: விறகு அடுக்கின் பின்பக்கம், தேயிலை ஓரத்துப் புல், கோயில் மேட்டின் சாய்வு, படிக்கட்டின் அடி. அந்த இடங்களை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த நாளிலிருந்து தேடி அலைய வேண்டாம்.

மலத்தை மேலாகச் சுரண்டாமல், தகரத் துண்டைக் கீழே கொடுத்து, அரை அங்குல மண்ணையும் சேர்த்து அள்ளிக்குள் தள்ளுங்கள். முட்டை மலத்தில் மட்டும் இல்லை, அது தொட்ட மண்ணிலும் இருக்கும்.

வயிற்றோட்டம் போல இளக்கமாகக் கிடந்தால் முதலில் சாம்பலையோ மரத்தூளையோ மேலே போட்டு, அது உறிஞ்சும்வரை விட்டுவிட்டு, பிறகு மண்ணோடு வெட்டி எடுங்கள். அந்த நாய் எது என்று பார்த்து வையுங்கள். இரத்தம் கலந்த இளக்கம் என்றால், அதுவும் குட்டி என்றால், அது பார்வோ வைரஸாக இருக்கலாம். நாய்ப் பார்வோ மனிதருக்குத் தொற்றாது, ஆனால் குட்டி பிழைப்பது கடினம். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

வாளியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். சரிவுப் படியில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

6. சிமெந்துத் தரையும் மண் தரையும்

இஸ்தோப்பு (முன் விறாந்தை), படி, சிமெந்து வாசலில் மலம் கிடந்தால் முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். ஆறிய சுடுதண்ணீர் போதாது, கேத்தலில் இருந்து நேரே ஊற்ற வேண்டும். புழு முட்டைக்கு ஓடு தடிப்பு. டெட்டோல், பினாயில், குளோரின் மூன்றும் பக்டீரியாவைக் கொல்லும், வட்டப்புழு முட்டையை நம்பிக்கையாகக் கொல்வதில்லை. சூடுதான் அதைக் கொல்லும். பினாயில் மணத்தை வைத்துத் தரை சுத்தம் என்று தீர்மானிப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம்.

மண் தரையில் கொதிநீர் பயன் தராது, மேலாக நனைத்துவிட்டு ஆறிவிடும். நாய் வழக்கமாகப் போன இடமாக இருந்தால் மேல் மண்ணை இரண்டு அங்குலத்துக்குச் சீவி எடுத்துக் குழியில் போட்டு, அங்கே சல்லியோ நல்ல மண்ணோ கொட்டுங்கள். மேலே படர்ந்த செடியையும் கிளையையும் வெட்டி வெயில் விழ விடுங்கள். கொளுக்கிப்புழுக் குடம்பி காய்ந்த வெயிலில் தாக்குப்பிடிக்காது. வட்டப்புழு முட்டை வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது, அதற்குத்தான் மண்ணையே சீவி எடுப்பது.

பிள்ளைகள் விளையாட மணல் கொட்டியிருந்தால் மாலையில் படங்கு போட்டு மூடுங்கள். நாயும் பூனையும் மணலைத் தேடி வரும்.

7. கை, செருப்பு, வாசல்படி

அள்ளி முடித்ததும் வீட்டுக்குள் போகாதீர்கள். அள்ளியையும் தகரத்தையும் குழி ஓரத்திலேயே கழுவி, அந்தத் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றுங்கள். பீலியில் வைத்துக் கழுவுவது கூடாது. பிறகு கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவிக் கழற்றி, சவர்க்காரம் போட்டு 20 விநாடிக்குக் குறையாமல் கை கழுவுங்கள். நகத்தடியைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வட்டப்புழு முட்டையின் மேல்தோல் பிசின் மாதிரி ஒட்டும். தேய்த்துக் கழுவினால்தான் விடும். கொரோனாக் காலத்தில் பழகிய சனிட்டைசர் இதற்கு உதவாது, அது முட்டையைக் கொல்லவும் மாட்டாது, கழற்றவும் மாட்டாது.

செருப்பு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. மலையில் இருந்து வருகிறவர் செருப்பின் அடியில் ஒட்டியதை வாசல்படி விளிம்பில் இப்படியும் அப்படியுமாகத் தேய்ப்பார். பள்ளத்துக்குள் இருந்தது படி விளிம்பில் கறுப்பாகப் படிந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் தவழும் பிள்ளை அதே விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும், எழுந்ததும் கை வாய்க்குப் போகும். படிக்குச் சில அடி தள்ளி ஒரு கல்லையோ பழைய இரும்புத் தகட்டையோ நட்டு, செருப்பை அங்கே தேய்க்கச் சொல்லுங்கள். வெளிச் செருப்பு இஸ்தோப்பைத் தாண்டாமல் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

8. இனி நாய்க்கு மருந்து

மேலே சொன்னது ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு இதற்கு வாருங்கள்.

குட்டியில் இருந்துதான் தொடங்க வேண்டும். தாய் நாயின் உடம்பில் உறங்கும் வட்டப்புழுக் குடம்பி கர்ப்பத்திலேயே குட்டிக்குப் போய்விடுகிறது, பிறகு பாலிலும் போகிறது. மூன்று வார வயதுக் குட்டியே மலத்தில் முட்டை விடத் தொடங்கிவிடும். பிள்ளைகள் மடியில் தூக்கிக் கொஞ்சுவதும் அந்த வயதுக் குட்டியைத்தான். வயிறு பந்தாகவும் முதுகெலும்பு தெரியவும் நிற்கிற குட்டியைக் “கொழுகொழு” என்று நினைக்காதீர்கள், அது புழு வயிறு.

குட்டிக்கு 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து. பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குட்டிகளுக்குக் கொடுக்கும்போதே தாய்க்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய் மறுபடி தொற்ற வைக்கும். இப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கக் காரணம், பைரன்டெல் போன்ற மருந்துகள் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். தசைக்குள்ளும் நுரையீரலிலும் இருக்கும் குடம்பி அதற்குப் பிறகு குடலுக்கு வந்து சேரும். ஒரே மருந்தோடு விட்டவர்கள்தான் “மருந்து கொடுத்தும் புழு போகல்லையே” என்கிறார்கள். நாடாப்புழுவுக்கு பிரசிக்வன்டெல் சேர்ந்த மாத்திரை வேண்டும். அதில் பரவலான வகை தெள்ளு வழி பரவுவது என்பதால் தெள்ளையும் ஒழிக்க வேண்டும்.

அளவு உடல் எடைப்படி. குட்டியைச் சாக்கில் போட்டு வீட்டுக் கைத்தராசில் தூக்கலாம். பெரிய நாயென்றால் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் தராசுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், கணக்கப்பிள்ளை சும்மா விடமாட்டார்! எடையை எழுதிக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனால் சரியான மாத்திரையோ குட்டிக்குரிய பாணியோ எழுதித் தருவார்கள். பிள்ளைக்கு வாங்கிய பூச்சி மாத்திரையில் பாதியை நாய்க்குப் போடுவதும், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குத்து மதிப்பாகக் குத்துவதும் வேண்டாம். ஐவர்மெக்டின் அளவு தப்பினால் நாய் வலிப்பு வந்து செத்தும் போகும்.

மருந்து கொடுத்த நாளில் இருந்து மூன்று நாள் நாயைக் கட்டி வையுங்கள், குட்டிகளை ஒரு மூலையில் அடையுங்கள். மலத்தில் இடியப்ப நூல் போல வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கலாம். பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் அள்ளிக் குழிக்கு. செத்த புழுவின் வயிற்றிலும் முட்டை இருக்கும்.

லயத்து நாய் எல்லோருக்கும் சொந்தம், மருந்துச் செலவு என்றால் யாருக்கும் சொந்தமில்லை. காம்பராவுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து, எல்லா நாய்க்கும் ஒரே கிழமையில் கொடுத்துவிடுவதுதான் நடைமுறைக்கு வரும் வழி. பாதி நாய்க்கு மட்டும் கொடுத்தால் மண் பழையபடி ஆகிவிடும். விசர் நாய்த் தடுப்பூசி முகாம் வரும் நாளோடு சேர்த்து வைத்தால் நாய்களைப் பிடிக்கிற பாடு ஒரே தடவையில் முடியும்.

9. நாய்ச் சாப்பாடு

நாய்க்குச் சோறு வைக்கும் இடத்தைப் பின்வாசலில் இருந்து தள்ளி, குழி இருக்கும் பக்கமாக மாற்றுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நாய் பக்கத்திலேயே எங்காவது ஒதுங்கும். இது ஒன்றே அள்ளும் வேலையைக் கணிசமாகக் குறைக்கும்.

கோழிக் குடல், கழிவை அவிக்காமல் வீசாதீர்கள். சல்மொனெல்லாவும் கம்பைலோபக்டரும் நாய்க்குள் போவது பெரும்பாலும் அந்த வழிதான். நாய் நன்றாகவே இருக்கும், மலத்தில் மட்டும் கிருமி வந்துகொண்டிருக்கும். ஆட்டு ஈரல், நுரையீரலையும் பச்சையாகப் போட வேண்டாம்.

10. மரக்கறியும் தண்ணீரும்

பாத்திக்கு வேலி கட்டாயம். கம்பி இல்லாவிட்டால் கிளிசரியாக் கம்பை நெருக்கமாக நட்டுவிடலாம். கிளறிவிட்ட இளகிய மண் நாய்க்கு மிகவும் பிடித்தமானது.

பாத்தியில் இருந்து கரட்டைப் பிடுங்கி, சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டுக் கடிக்காத பிள்ளை நுவரெலியாப் பக்கத்தில் உண்டா தெரியவில்லை. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிக் கொடுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி போலப் பச்சையாகச் சம்பல் போடும் இலைகளைக் கட்டோடு முக்கி எடுக்காமல், இலை இலையாகக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரும் வினாகிரியும் புழு முட்டையைக் கொல்வதில்லை. கழுவும் தண்ணீரின் ஓட்டம்தான் அதைக் கழற்றுகிறது. லீக்ஸை நெடுக்காகப் பிளந்தால்தான் மடிப்புக்குள் இருக்கும் மண் தெரியும்.

குடிதண்ணீரைக் கொப்புளம் வரக் கொதிக்க வையுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். “இங்கே சூடு பத்தாது” என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். மேலே சொன்ன கிருமிகள் சாவதற்கு அது தாராளம்.

11. எப்போது டொக்டரிடம் போவது

காலிலோ பின்புறத்திலோ தாங்க முடியாத அரிப்போடு, சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீண்டால் அது தோலுக்குள் இருக்கும் கொளுக்கிப்புழுக் குடம்பி. சுண்ணாம்பு தடவுவதோ ஊசியால் குத்தி எடுப்பதோ புண்ணைத்தான் கொடுக்கும். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டினால் மாத்திரையில் சரியாகிவிடும்.

பிள்ளைக்கு விடாத இருமல், இழுப்பு, அடிக்கடி காய்ச்சல், வயிற்றின் வலப்பக்கம் வீக்கம் இருந்தால் காட்டுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கினாலோ, புதிதாக மாறுகண் விழுந்தாலோ, கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கண் டொக்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வயிற்றோட்டத்தில் இரத்தம் வந்தாலும், பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளை) கரைத்துக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.

அள்ளும் வேலையில் நாய் கடித்தாலோ கீறினாலோ, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே அரச ஆஸ்பத்திரிக்கு.

பாடசாலையில் பூச்சி மாத்திரை கொடுத்தார்களே, பிறகு எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை குடலில் வாழும் மனிதப் புழுக்களுக்கு. ஈரலிலும் கண்ணிலும் திரியும் டொக்ஸோகாராக் குடம்பியை அந்த ஒற்றை மாத்திரை தீர்க்காது. மலப் பரிசோதனையிலும் அது தெரியாது, ஏனென்றால் மனிதனுக்குள் அது முட்டை போடும் அளவுக்கு வளர்வதில்லை. இரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். ஆகவே டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், வீட்டில் குட்டி நாய் இருப்பதையும், பிள்ளை மண் தின்னும் என்றால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.